வெற்றி என்று வந்த மெயில்

சூசைமாணிக்கம் உமையாளிடம் சீடராகச் சேர்ந்தபோது குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்து இரண்டு.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரிப்பது ஊரின் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. சூசைமாணிக்கம் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மகளுடைய பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் படித்தார். பரீட்சை எழுதித் தேறினார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை. அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் மனைவியாலும் முடியவில்லை.

அலுவலகம் திருச்சியில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுற்று வட்டார மாவட்டங்களின் ரத்த வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்த அறக்கட்டளை அது. எந்த ஊரில் யாருக்கு என்ன வகை ரத்தம், கடைசியாக எப்போது கொடுத்தார், போன் நம்பர் என்ன, எல்லாம் அங்கே ஒரு டேட்டாபேஸில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் உமையாள். காரைக்குடிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதைவிட, கேட்டவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். மனசுக்குள் மட்டும் சூசைமாணிக்கம் அவரைக் குரு என்றே வைத்திருந்தார்.

உமையாள் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, டேட்டாபேஸுக்கு நேரம் குறித்து வேலை கொடுப்பது. இன்ன வேலை, இன்ன நேரம் என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். அது தானாக எழுந்து, செய்து முடித்து, தன் பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும்.

ரயில்வேக்காரரிடம் போய் நேர அட்டவணை என்று சொன்னால் சும்மா விடுவாரா? சூசைமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக இறங்கினார். ஊர் அடங்கியதும் மொத்தத் தகவலுக்கும் ஒரு நகல், அதாவது பேக்கப். அது முடிந்ததும், தேடினால் சட்டென்று கிடைக்கும்படி உள்ளே கலைந்ததையெல்லாம் அடுக்கி வைக்கும் வேலை. அதற்கு அடுத்து, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை முடக்குவது. மாதா மாதம் எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நச்சரிப்பது. ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விடுகிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றோடொன்று மோதாமல் விட்டார்.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவருக்கும் உமையாளுக்கும் ஒரு மெயில் வரும்படி செய்திருந்தார். நீளமான மெயில்தான். ஆனால் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் "வெற்றி" என்று இருக்கும். அதற்குக் கீழே படிக்க அவருக்கு அவசியம் ஏற்பட்டதில்லை.

காலையில் வந்ததும், கோழிக் கூண்டைத் திறந்து எண்ணுகிறவர் போல அந்த மெயில்களை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருக்கும். அப்புறம் அன்றைக்குப் பூராவும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் உமையாளிடம் கேட்டார்.

"மேடம், எல்லாம் தானா நடக்குது. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

கேள்வியில் பெருமை முக்கால் பங்கு, பயம் கால் பங்கு. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உமையாள் எழுந்து போய் மூலையில் இருந்த பழைய மெஷினை ஆன் செய்தார்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவு மில் மாதிரி சத்தம் போடும். எடைக்குப் போட்டுவிடலாம் என்று சூசைமாணிக்கம் ஜாடையாகவும் சொல்லிப் பார்த்தார், நேராகவும் சொல்லிப் பார்த்தார். உமையாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் முந்தின இரவின் பேக்கப்பை எடுத்து அந்த மெஷினில் ஏற்றித் திறப்பார். திறந்து முடிவதற்குள் காபி ஆறி ஏடு படிந்துவிடும். திறந்த பிறகு உள்ளே போய், கண்ணில் பட்ட யாரோ ஒரு ரத்தக் கொடையாளருக்குப் போன் போடுவார். யாரும் போடச் சொல்லாத போன்.

அன்றும் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"வணக்கங்க. ரத்த ஆபீஸ்லேர்ந்து உமையாள் பேசறேன். மணப்பாறை அடைக்கலம் ஐயாங்களா?"

"ஆமா. எம்புட்டு ரத்தம் வேணும்?"

"ரத்தம் வேண்டாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்சூரன்ஸாம்மா?"

"இல்லைங்க. சும்மாதான்."

"நல்லா இருக்கேன். முறுக்குக் கடை ஓடுது. முட்டிதான் வலிக்குது. வேற ஒண்ணும் விக்கலையே?"

"இல்லைங்க. வச்சிடறேன்."

சூசைமாணிக்கத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேடம், பேக்கப் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ராத்திரியே மெயில் வந்தாச்சு. அதை ஏன் மறுபடி திறந்து, அதிலேர்ந்து ஒருத்தரைப் பிடிச்சு…"

"மெயில் யார் அனுப்பினது சார்?"

"அந்த வேலைதான். முடிஞ்சதும் அதுவே அனுப்பும்."

"பரீட்சை எழுதினவனே மார்க்கும் போட்டுக்கிட்டா நூத்துக்கு நூறுதான்."

அவர் அதற்கும் சிரித்தார். உமையாள் காபியின் ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"சிக்னல்ல இருந்தீங்களே சார், அங்க தினமும் என்ன பண்ணுவீங்க?"

இதைக் கேட்டு யாராவது மாட்டிக்கொள்ள மாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாயிண்ட்டுன்னு ஒண்ணு இருக்கும் மேடம். வண்டி ஒரு லைன்லேர்ந்து இன்னொரு லைனுக்கு மாறுற இடம். அங்க ரெண்டு தண்டவாளம் இடைவெளி இல்லாம ஒட்டணும். ஒட்டினாத்தான் பச்சை விழணும். நாங்க என்ன பண்ணுவோம்னா, நடுவுல சின்னதா ஒரு இரும்புத் துண்டைச் செருகிடுவோம். செருகிட்டு, பாயிண்ட்டைப் போடுன்னு ஸ்டேஷனுக்குச் சொல்லுவோம். பச்சை விழக் கூடாது."

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டா அந்தப் பச்சையை நம்பி வண்டி விடக் கூடாதுன்னு அர்த்தம். பூராவும் பிரிச்சு மேய்ஞ்சுடுவோம்."

"அந்தத் துண்டு?"

"எப்பவும் சட்டைப் பையில கிடக்கும். எத்தனை பை கிழிஞ்சிருக்குன்னு என் சம்சாரத்தைக் கேட்டாத் தெரியும்."

"இப்ப?"

"இப்ப எதுக்கு மேடம் அது? ரிட்டயர் ஆனப்பவே ஒப்படைச்சாச்சு."

"நல்ல வேலை சார் அது" என்றார் உமையாள்.

சூசைமாணிக்கம் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவருக்கு மறந்தே போனது.

இரண்டு வாரம் போயிற்று. தகவல் பாதுகாப்பை ஆராய வந்த ஒருவர், ரத்தம் கொடுப்பதையே விட்டுவிட்டவர்களின் முகவரியையும் நம்பரையும் வருஷக்கணக்கில் வைத்திருப்பது ஆபத்து, யாராவது திருடினால் பதில் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நியாயமான பேச்சுதான்.

உமையாள் சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டார்.

"மூணு வருஷமா ரத்தம் கொடுக்காதவங்க விவரத்தை எடுத்துடணும் சார். ஞாயிற்றுக்கிழமை தானா ஓடற மாதிரி எழுதுங்க."

"எழுதிட்டேன்னே வச்சுக்குங்க மேடம்."

"எழுதுங்க. ஓட விடறதுக்கு முன்னாடி, யார் யார் போகப் போறாங்களோ அதில கொஞ்சம் பேருக்குப் போன் போட்டுப் பேசிப் பாருங்க."

"போகப் போறவங்களுக்கு எதுக்கு மேடம் போன்?"

"போன பிறகு பேச முடியாதே சார்."

அவர் எழுதினார். நான்கே வரி. கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது என்றால் அந்தப் பதிவை அழித்துவிடு. படித்தால் யாருக்கும் புரியும். அழகான நான்கு வரி என்று அவரே இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. அடுத்தது அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் எடுத்தார். எடுத்து, என் நம்பரை உனக்கு எவன் கொடுத்தான் என்று ஆரம்பித்து, சூசைமாணிக்கத்தின் மூதாதையர்வரை போய்விட்டு வைத்தார். அதற்குள் டீ வந்தது. டீயோடு ஒரு நினைப்பும் வந்தது. இவர்களெல்லாம் விட்டுப் போனவர்கள்தானே, விட்டுப் போனவர்களிடம் என்ன பேச்சு?

சனிக்கிழமை உமையாள் கேட்டார்.

"போன் போட்டீங்களா சார்?"

"போட்டேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் வண்டி வண்டியாத் திட்டினார்."

உமையாள் சிரித்தார். இன்னும் ஏதோ கேட்கப் போனார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஓடியது. திங்கட்கிழமை காலை கூண்டில் ஒரு கோழி கூடுதலாக இருந்தது. வெற்றி.

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். போன் மேசையில் உட்காரும் நூர்ஜகான் உள்ளே வந்தாள். எப்போதும் நடந்து வருகிறவள், அன்று ஓடி வந்தாள்.

"மேடம், பெரம்பலூர்லேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி. பிரசவமான பொண்ணு, இருபத்து மூணு வயசு. ரத்தம் நிக்கலை. ஓ குரூப்னு நினைச்சு பொருத்திப் பார்த்திருக்காங்க, எதுவும் சேரலை. பாம்பே குரூப்பாம்."

உமையாள் நிமிர்ந்தார்.

பாம்பே குரூப் என்பது ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வாய்க்கிற ரத்தம். அவர்களுக்கு வேறு எந்த ரத்தமும் ஆகாது, அவர்கள் ரத்தமேதான் வேண்டும்.

"நம்மகிட்ட நாலைஞ்சு பேர் இருந்தாங்களே மேடம்! நானே பார்த்திருக்கேன். இப்பத் தேடினா ஒருத்தர்கூட இல்லைன்னு வருது."

சூசைமாணிக்கம் தன் மேசையில் இருந்தார். அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாம்பே குரூப் உள்ளவர்களை முகாம்களில் ரத்தம் கொடுக்க விடுவதில்லை. கொடுத்து வீணாகப் போய்விடக் கூடாது, நாங்கள் கூப்பிடும்போது மட்டும் வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். கூப்பிடும்வரை அவர்கள் பெயருக்கு நேரே பழைய தேதிதான் இருக்கும். மூன்று வருஷமும் இருக்கும், ஆறு வருஷமும் இருக்கும்.

நான்கு வரி. அழகான நான்கு வரி.

அவர் எழுந்து நின்றார். அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை.

"மேடம், நான்தான். ஞாயித்துக்கிழமை ஓடின வேலை…"

"அது அப்புறம் சார். வாங்க."

உமையாள் ஓடவில்லை. மூலைக்குப் போய் மாவு மில்லை ஆன் செய்தார். அதில் போன வெள்ளிக்கிழமை திறந்து வைத்த நகல் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வராத ஓர் உலகம் அதற்குள் நிம்மதியாக இருந்தது. தேடினார். ஐந்து பெயர் வந்தது.

"நூர்ஜகான், நம்ம ஊர் பிளட் பேங்க்குக்குச் சொல்லி தயாரா இருக்கச் சொல்லு. சார், நீங்க போன் போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

முதல் ஆள் துபாயில் இருந்தார். இரண்டாவது நம்பரில் ஒரு பெண் பேசினாள். அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார் என்றாள். சூசைமாணிக்கம் "மன்னிச்சுடும்மா" என்றார். எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாவது, கும்பகோணத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை. வகுப்பில் இருந்தார், முடிந்ததும் கிளம்புகிறேன் என்றார்.

நான்காவது நம்பர் அடித்தது. எடுத்ததும் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது. சூசைமாணிக்கம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"ரத்த ஆபீஸ்தானே? நம்பரைப் பதிஞ்சு வச்சிருக்கேன். நல்லா இருக்கேன் சார். முட்டி வலி பரவாயில்லை. அந்தம்மா இல்லையா?"

சூசைமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயா, இன்னிக்குச் சும்மா கூப்பிடலைங்க. பெரம்பலூர்ல ஒரு பொண்ணு, பிள்ளை பெத்தவ. உங்க ரத்தம் வேணும்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏலா, அடுப்பை அணை!" என்று யாரையோ பார்த்து ஒரு சத்தம்.

"எங்க வரணும் சொல்லுங்க சார்."

அடைக்கலம் மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திருச்சிக்கு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் எண்ணெய் வாசனை. சூசைமாணிக்கம் ரத்த வங்கி வாசலிலேயே நின்றிருந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். பரிசோதனைகள் முடிந்து, அவர் படுத்து, ஊசி ஏறியது. சூசைமாணிக்கம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப வருஷம் ஆச்சுங்களே, நீங்க கடைசியா கொடுத்து" என்றார். கேட்டிருக்க வேண்டாம்தான். வாய் கேட்டுவிட்டது.

"ஆறு வருஷம் இருக்கும்."

"நடுவுல கொடுக்கணும்னு தோணலையா?"

அடைக்கலம் தலையைத் திருப்பி அவரை விநோதமாகப் பார்த்தார்.

"கொடுக்காதே, நாங்க கூப்பிடுறப்ப வான்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதான் காத்துக்கிட்டு இருக்கேன். ஆறு வருஷமா சாராயத்தைத் தொடலை. சர்க்கரை ஏறிடுமோன்னு பூந்தியைக்கூட வாயில போடுறதில்லை. கடையில முறுக்கோட அதையும்தான் போடுறோம், பார்த்துக்குங்க."

சூசைமாணிக்கம் எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் அழுததை அடைக்கலம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், ரத்தத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார் போல என்றுதான் நினைத்திருப்பார்.

பை கைக்கு வந்ததும் ஆம்புலன்ஸ் கிளம்பியது. கும்பகோணத்து ஆசிரியை சாயங்காலத்துக்கு முன் வந்து சேர்ந்தார், அவர் ரத்தமும் போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் நூர்ஜகான் போனை வைத்துவிட்டு, "பொழைச்சுக்கிட்டா!" என்று கத்தினாள். கீழே டைல்ஸ் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பிறந்தது பெண் குழந்தை என்றும் சொன்னாள்.

அழிந்துபோன பதிவுகளை சூசைமாணிக்கமும் உமையாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள்.

மறுநாள் அவர் காலையில் மெயிலைத் திறக்கவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டார். போக வேண்டியவர்கள் என்று தன் நான்கு வரி சொன்னவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பலர் எடுக்கவில்லை. சிலர் திட்டினார்கள். திட்டி முடியும்வரை கேட்டுக்கொண்டு, "சரிங்க, உங்க பேரை எடுத்துடறோம்" என்றார். ஒருவர், ஊர் மாறிவிட்டேன், ஆனாலும் பேரை எடுக்காதீர்கள் என்றார். ஒரு அம்மாள், என்னைக் கூப்பிட இவ்வளவு நாளா என்று கோபித்துக்கொண்டார். டீ வந்தது. ஆறியது. டீ கொண்டுவந்தவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உமையாள் பழைய மெஷினைத் திறந்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அவர் எதிரே போய் நின்றார்.

"மேடம், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

"உட்காருங்க சார்."

"நீங்க கேட்டப்ப, போட்டேன்னு சொன்னேன். மூணு பேருக்குத்தான் போட்டேன். ஒருத்தர்தான் எடுத்தார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க முகம் அன்னிக்கே சொல்லுச்சு. கேட்கப் போனேன். வேற யாரோ கூப்பிட்டாங்க, விட்டுட்டேன். அது என் தப்பு. அதுக்கு நானும் நின்னுக்கவா?"

அவர் உட்கார்ந்தார்.

மெஷின் அரைத்துக்கொண்டிருந்தது.

"அந்த வேலையை அழிச்சுடறேன் மேடம். ஞாயித்துக்கிழமை ஓடறதை. அதை நினைச்சாலே பதறுது."

"வேண்டாம். ஓடட்டும். போகணும்னு சொன்னவங்க போகணும்தானே? கூப்பிடும்போது வரச் சொன்னவங்களை மட்டும் அது தொடாதபடி மாத்துங்க."

"மாத்திட்டேன். மாத்திட்டு, அது தொடக் கூடாத ஆளா என் பேரையே ஒண்ணு உள்ள போட்டு வச்சு, சோதனைக்கு ஓட விட்டுப் பார்த்தேன். தொடலை."

உமையாள் அவரைப் பார்த்தார். முகத்தில் ஏதோ மலர்ந்தது.

"அப்ப எல்லா வேலையும் பழையபடி ஓடலாமா மேடம்?"

"ஓடலாம். ஒண்ணே ஒண்ணை மட்டும் நிறுத்திடுங்க."

"எதை?"

"எனக்கு ஒரு மெயில் வருமே, வெற்றின்னு. அதை."

சூசைமாணிக்கம் திகைத்துப் போனார். அத்தனை வேலைகளிலும் அவர் ஆசை ஆசையாகச் செய்தது அதைத்தான்.

"அதை நிறுத்திட்டா வேலை ஒழுங்கா நடந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

மெஷின் சத்தம் ஓய்ந்தது. நகல் திறந்துவிட்டது. உமையாள் போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க வந்து சொல்லுவீங்களே சார்."